ஏற்காட்டுக் குளிரில் கோழிக்குஞ்சுகளுக்கு வெப்பத் தட்டு போதுமா?

நாகலூர்ப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இதுதான். நாமக்கல்லிலிருந்து ஒரு நாள் வயதுடைய 20 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வந்து, குண்டு பல்புக்குப் பதிலாக ஹீட் பிளேட் என்று விற்கப்படும் மின்சார வெப்பத் தட்டை வைத்திருக்கிறீர்கள். தட்டுக்கு அடியில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 27 டிகிரி செல்சியஸ்தான் காட்டுகிறது. முதல் வாரத்தில் 35 டிகிரி வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், குஞ்சுகளும் மாலையிலிருந்து ஓயாமல் கத்துகின்றன. தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி பல்பையே தொங்கவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் தட்டில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் குஞ்சுகள் கத்துவதை அலட்சியப்படுத்தவும் கூடாது. வெப்பமானி காட்டும் எண்ணும் குஞ்சுகளின் கத்தலும் இரண்டு தனித்தனிச் செய்திகள். முதலாவதற்கு நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, இரண்டாவதற்கு இன்று இரவே வழி செய்ய வேண்டும்.

பல்பும் தட்டும் சூடு தரும் விதத்தில் அடிப்படையிலேயே வேறுபட்டவை. தொங்கவிட்ட பல்பு தனக்குக் கீழே ஒரு வட்டத்தில் கூளம், தரை, காற்று, குஞ்சு என எல்லாவற்றையும் சேர்த்துச் சூடாக்குகிறது. குஞ்சு அந்தச் சூடான இடத்தில் நின்றுகொள்கிறது. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்க வேண்டும் என்ற கணக்கு பல்புக்கும் கொட்டகை முழுவதையும் சூடாக்கும் முறைக்கும் ஏற்பட்டது. தட்டு அப்படிச் செய்வதில்லை. அதன் அடிப்பரப்பு மட்டுமே சூடாகிறது, குஞ்சு உள்ளே நுழைந்து தன் முதுகை அதில் ஒட்டிக்கொண்டு சூட்டை நேரடியாக வாங்கிக்கொள்கிறது. அடைக்கோழியின் வயிற்றுக்குக் கீழே நடப்பதும் இதுதான். தாய்க்கோழியின் உடல் ஏறத்தாழ 41 டிகிரி சூட்டில் இருக்கும். மார்கழி விடியலில் வாசலில் மேயும் கோழியைச் சுற்றியுள்ள காற்று 13 டிகிரியாக இருந்தாலும், குஞ்சுகள் வெளியே வந்து கிளறிவிட்டு, குளிர்ந்ததும் இறக்கைக்குள் ஓடிப் புகுந்து முதுகைச் சூடேற்றிக்கொண்டு மறுபடி வெளியே வருகின்றன. யாரும் கோழியின் காலடியில் வெப்பமானியை வைத்து 35 டிகிரி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆகவே தட்டுக்கு அடியில் கூளத்தின் மேல் கிடக்கும் வெப்பமானி, குஞ்சின் முதுகு வாங்கும் சூட்டைக் காட்டாது. அதை நீங்கள் சரிபார்க்க விரும்பினால், உள்ளங்கையைத் தட்டின் அடிப்பரப்பில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். தெளிவான சூடு உறைக்க வேண்டும், ஆனால் கையை எடுத்துவிடத் தோன்றக் கூடாது.

அப்படியானால் குஞ்சுகள் ஏன் கத்துகின்றன? எனக்குத் தெரிந்தவரை மூன்று காரணங்கள் இருக்க முடியும், ஏற்காட்டில் அவை மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்து வருவது வழக்கம்.

முதற்காரணம், குஞ்சுகளுக்குத் தட்டு என்பது என்னவென்றே தெரியாது. பல்பு வெளிச்சம் தருகிறது, குஞ்சு அதை நோக்கித் தானாகப் போகிறது. பொரிப்பகத்திலிருந்து வெளிச்சத்திலேயே வந்த குஞ்சுக்குத் தட்டின் அடிப்பகுதி ஓர் இருண்ட பொந்தாகத்தான் தெரியும். தாய் இருந்தால் அவள் கூப்பிடுவாள், தட்டு கூப்பிடாது. எனவே முதல் நாள் அந்தத் தாயின் வேலையை நீங்கள் செய்ய வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை குஞ்சுகளை இரு கைகளாலும் மெல்ல அணைத்துத் தட்டுக்குள் தள்ளி, ஓரமாகக் கையை மறைப்பாக வைத்துச் சில நிமிடங்கள் உள்ளேயே இருக்க விடுங்கள். மாலை மங்கும் நேரத்தில் இதைச் செய்வது மிகவும் பயன் தரும். நான்கைந்து குஞ்சுகள் கற்றுக்கொண்டுவிட்டால் மற்றவை அவற்றைப் பார்த்துப் பின்தொடரும். தட்டின் ஓரத்தில் துணிக் கீற்றுகளைத் திரைபோலத் தொங்கவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, பிரிந்த நூலில் குஞ்சின் கால்விரல் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுபோனதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இதே காரணத்தோடு சேர்ந்தது உயரம். முதுகு தட்டைத் தொடாவிட்டால் தட்டு இருந்தும் இல்லாததற்குச் சமம். தட்டின் நான்கு கால்களையும் ஒரே அளவில் வைக்காமல், பின்பக்கம் தாழ்வாகவும் முன்பக்கம் சற்று உயரமாகவும் சாய்வாக வையுங்கள். ஒரு நாள் குஞ்சுக்குத் தாழ்ந்த பக்கம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம், அதாவது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் இருந்தால் போதும். நிறைய சூடு வேண்டிய குஞ்சு உள்ளே போகும், குறைவாக வேண்டியது முன்பக்கத்தில் படுக்கும். நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் சிறுவிடை, அசீல் ஆகிய வகைகளுக்கு உருவத்தில் வேறுபாடு உண்டு என்பதால், எண்ணைவிடக் கண்ணை நம்புங்கள். நிற்கும் குஞ்சின் முதுகு தட்டில் லேசாக உரச வேண்டும், குனிந்து ஊர்ந்து போகும்படி அழுத்தக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஒரு படி உயர்த்துங்கள்.

இரண்டாவது காரணம்தான் மலைக்கே உரியது. தட்டு குஞ்சைச் சூடாக்கும், அறையைச் சூடாக்காது என்று சொன்னேன். இதுவே அதன் நன்மை, இதுவே அதன் எல்லையும். இத்தகைய தட்டுகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் சுற்றுப்புறக் காற்று 10 டிகிரிக்குக் கீழே போகாத இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. உயரே போகப் போக 1,000 மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் காற்று குளிர்கிறது என்ற பொதுக் கணக்கில் பார்த்தாலே, கீழே இருப்பதைவிட மேலே 7, 8 டிகிரி குறைவு. சேலத்தில் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வாசலில் உட்காரும் மார்கழி இரவில், உங்கள் ஊரில் தகரக் கொட்டகைக்குள் தட்டின் எல்லையை ஒட்டிய குளிர் நிலவக்கூடும். அதோடு காப்பித் தோட்டத்தின் ஈரமும், பலகை இடுக்கில் நுழையும் காற்றும் சேர்ந்துகொண்டால், குஞ்சு தட்டுக்குள் இருக்கும்வரை சுகமாக இருந்து, தீனிக்காக வெளியே வந்த சில நிமிடங்களிலேயே நடுங்கிப்போகும். பிறகு அது வெளியே வரவே தயங்கும். தின்னாமல் குடிக்காமல் தட்டுக்குள்ளேயே கிடக்கும் குஞ்சு, வயிற்றில் மீந்துள்ள மஞ்சள் கருவை வைத்து இரண்டு மூன்று நாட்கள் தாக்குப்பிடிக்கும், அதற்குமேல் சோர்ந்து சாய்ந்துவிடும். மூன்றாம் நான்காம் நாளில் ‘காரணமே இல்லாமல்’ குஞ்சுகள் சாகின்றன என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இப்படி நேர்வதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே முதல் இரண்டு வாரங்களுக்குப் புரூடரை, அதாவது தட்டு வைத்துக் குஞ்சுகளை வளர்க்கும் அடைப்பை, கொட்டகையில் வைக்காதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். அடுப்படியை ஒட்டிய அறை மிகவும் நல்லது, ஆனால் விறகுப் புகை நேராகப் படும் இடமாக இருக்கக் கூடாது. தரையில் நேரடியாக வைக்காமல் பலகை அல்லது பல மடிப்புச் சாக்கின் மேல் வையுங்கள், ஏனென்றால் ஏற்காட்டுச் சிமெண்டுத் தரை கூளத்தையும் மீறிச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சுற்றிலும் ஒன்றரை அடி உயரத்துக்கு அட்டையையோ தகட்டையோ வட்டமாக நிறுத்துங்கள். மூலை இருந்தால் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும், வட்டத்தில் அந்த ஆபத்து குறைவு. வட்டத்தின் மேற்பகுதியில் தட்டு இருக்கும் பாதியை மட்டும் சாக்கால் மூடி, மறுபாதியைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். சாக்கு தட்டின் மேல் படக் கூடாது. அறையில் கரி அடுப்பு மூட்டி வைத்துக் கதவைச் சாத்தும் வழக்கம் மலையில் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு குஞ்சுகளையும் கொல்லும், அதே அறையில் உறங்கும் மனிதர்களையும் கொல்லும். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

மூன்றாவது காரணத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அது மின்னழுத்தம். மின்கம்பியின் கடைசியில் இருக்கும் மலைக் கிராமங்களில் மாலை ஆறு மணிக்குமேல் எல்லா வீடுகளிலும் விளக்கும் மிக்சியும் மோட்டாரும் ஓடத் தொடங்கியதும் மின்னழுத்தம் இறங்கிவிடும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால், சூடு அதே விகிதத்தில் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். சூடேற்றும் கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 230 வோல்ட்டில் 20 வாட் தரும் தட்டு 180 வோல்ட்டில் சுமார் 12 வாட்தான் தரும். அதாவது சூட்டில் ஐந்தில் இரண்டு பங்கு, குளிர் ஏறும் அதே நேரத்தில் காணாமல் போகிறது. உங்கள் குஞ்சுகள் பகலில் அமைதியாக இருந்து மாலையிலிருந்து கத்துகின்றன என்று எழுதியிருப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். தட்டின் வயரில் லேப்டாப் சார்ஜர் போன்ற ஒரு பெட்டி இருந்து, அதன்மேல் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்றும் வெளியீடு 12 வோல்ட் என்றும் அச்சிட்டிருந்தால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை, அந்தப் பெட்டி ஏற்ற இறக்கத்தைத் தானே சமன்செய்துகொள்ளும். வயர் நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகப்படும் வகை என்றால், டிவிக்கு வைக்கும் சிறிய ஸ்டெபிலைசர் ஒன்றை இடையில் வையுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது மின்வெட்டையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி இரவில், மழையோடு வீசிய காற்றில் சில்வர் ஓக் மரத்தின் கிளை ஒன்று கம்பியின் மேல் விழுந்து எங்கள் பக்கம் முழுவதும் இருண்டது. அப்போது 30 குஞ்சுகளுக்கு 100 வாட் குண்டு பல்புகள் இரண்டைத் தொங்கவிட்டிருந்தேன், இன்வெர்ட்டர் இருக்கிறதே என்ற தைரியத்தில் தூங்கிவிட்டேன். பழைய பேட்டரி நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. விடிந்து பார்த்தபோது குஞ்சுகள் ஒரே குவியலாகக் கிடந்தன, அடியில் இருந்த 11 குஞ்சுகள் மூச்சுமுட்டி இறந்திருந்தன. குளிரைவிட, குளிருக்குப் பயந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியதே அவற்றைக் கொன்றது. அதற்குப் பிறகுதான் நான் தட்டுக்கு மாறினேன். வீடுகளில் பரவலாக இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-மணி மின்சாரம் இருக்கும். பேட்டரி பழையதாகி அதில் பாதிதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 200 வாட் பல்புகள் நாலரை மணி நேரத்தில் அதைக் காலி செய்துவிடும். 20 வாட் தட்டோ, இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்வது போக, ஓர் இரவை எளிதாகக் கடந்துவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடித் துணியில் சுற்றித் தட்டுக்கு அருகில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டிருக்கலாம். உறக்கம் கெடும், ஆனால் குஞ்சுகள் பிழைக்கும்.

செலவுக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது நம் பக்கத்துப் பல்புக் கணக்கு. அது சமவெளிக்குச் சரி, மலைக் குளிரில் அதைக் கடைப்பிடிக்க முடியாமல் இரண்டு மூன்று மடங்கு வைக்கிறோம். நான் வைத்திருந்ததுபோல் 100 வாட் பல்புகள் இரண்டை மூன்று வாரம் இரவு பகலாக எரித்தால் ஏறத்தாழ 100 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கும் 100 யூனிட்டும் குஞ்சுகளுக்கே போய்விடும். 20 வாட் தட்டு அதே மூன்று வாரத்தில் 10 யூனிட்தான் எடுக்கும். இதைவிடப் பெரிதாக நான் கருதுவது தீயைத்தான். உலர்ந்த நெல் உமியிலும் கடலைத் தோலிலும் பல்பு அறுந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கடைகளில் இப்போது பல்பு என்று கேட்டால் எல்இடி பல்பைத்தான் எடுத்துத் தருகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அது வெளிச்சம் தரும், குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. இது தெரியாமல் எல்இடி பல்பைத் தொங்கவிட்டு ஒரே இரவில் குஞ்சுகளை இழந்த வீடுகள் உண்டு.

தட்டினால் கிடைக்கும் இன்னொரு நன்மை இருட்டு. இரவு முழுவதும் பல்பு எரியும் கூட்டில் குஞ்சுகள் சரியாக உறங்குவதில்லை, எந்நேரமும் விழித்திருக்கும் குஞ்சுகளிடையே ஒன்றையொன்று கொத்தும் பழக்கம் எளிதில் தொற்றுகிறது. தட்டில் வளரும் குஞ்சுகள் பொழுது சாய்ந்ததும் தாயிடம் போவதுபோல் உள்ளே போய்ப் படுத்து, விடிந்ததும் வெளியே வருகின்றன. முதல் இரண்டு இரவுகளுக்கு மட்டும், தீனியும் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு சிறிய விளக்கைத் தள்ளி வையுங்கள், அதற்குப் பிறகு அது தேவைப்படாது.

இரவு பதினொரு மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டின் ஓரத்தில் அலகுகள் மட்டும் வரிசையாக எட்டிப் பார்த்தபடி, மெல்லிய முனகலோடு குஞ்சுகள் பரவிப் படுத்திருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. தாழ்ந்த பக்கத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு உரக்கக் கத்தினால், தட்டு உயரமாக இருக்கிறது அல்லது அறை குளிர்கிறது. எல்லாமே வெளியே வந்து, இறக்கையை விரித்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், அது ஏற்காட்டில் மார்கழியில் நடக்காது, சேலத்தில் சித்திரையில் நடக்கும். சேலத்தில் இருக்கும் உங்கள் உறவினருக்கும் இதையே சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே கோடைப் பகலில் தகரக் கூரையின் கீழ் காற்றே குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தாண்டிவிடும். பகலில் தட்டை அணைத்துவிட்டு இரவில் மட்டும் போட்டால் போதும், ஒன்றரை வாரத்திலேயே அதையும் எடுத்துவிடலாம்.

உங்களுக்கோ அவசரம் கூடாது. பஞ்சு போன்ற மயிர் உதிர்ந்து முதுகிலும் மார்பிலும் இறகு மூடும்வரை குஞ்சினால் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள இயலாது. மலையில் பனிக்காலத்தில் அதற்கு ஐந்து ஆறு வாரங்கள்வரை தட்டு வேண்டியிருக்கும். நான்காம் வாரத்தில் வெயில் ஏறிய பிறகு அணைத்துப் பாருங்கள், குஞ்சுகள் கவலையில்லாமல் மேய்ந்தால் பகலில் நிறுத்திவிட்டு இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் குஞ்சுகள் தட்டின் மேலேறி உட்காரத் தொடங்கும். எச்சம் காய்ந்து ஒட்டிப்போவதற்குமுன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் தினமும் துடையுங்கள், ஒருபோதும் தண்ணீரில் முக்காதீர்கள். தட்டுக்கு அடியில் இருக்கும் உமி கண்ணுக்குத் தெரியாமல் ஈரமாகிக் கட்டிப்படும். அந்தச் சூடான ஈரம்தான் இரத்தக் கழிச்சல் கிருமிக்கு மிகவும் பிடித்த இடம், எனவே தட்டைத் தூக்கி நாள்தோறும் உமியைக் கிளறி, நனைந்ததை அள்ளி மாற்ற வேண்டும். எலி வயரைக் கடிக்கும், குஞ்சையும் இழுத்துப் போகும் என்பதால் வட்டத்தின் மேல் நெருக்கமான கம்பி வலை அவசியம்.

தட்டு எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று நான் சொல்லவில்லை. 100, 200 குஞ்சுகள் வளர்ப்பவருக்குப் பல தட்டுகள் வாங்குவதைவிடக் கொட்டகையை அடைத்துச் சூடாக்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். தானாக நடந்து தட்டுக்குள் போகத் தெம்பில்லாத நோஞ்சான் குஞ்சுக்கும் தட்டு உதவாது, அதை ஒரு சிறு அட்டைப் பெட்டியில் தனியாகப் பல்பின் கீழ் வைத்துத் தேற்றிவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். உங்களைப்போல் வீட்டுத் தேவைக்கு 20 குஞ்சுகள் வளர்ப்பவருக்கு இதைவிட நல்ல சாதனம் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்று இரவு புரூடரை வீட்டுக்குள் மாற்றி, தட்டைத் தாழ்த்திச் சாய்வாக வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது வெல்லம் கரைத்து, கூழாங்கற்கள் போட்ட ஆழமில்லாத தட்டத்தில் வையுங்கள். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒரு முறை அதில் தொட்டு எடுத்து, வெப்பத் தட்டின் முன்பக்கத்தில் மக்காச்சோளக் குருணையைத் தூவிவிடுங்கள். நாளைக் காலையில் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கழுத்தின் அடியில் வலப்பக்கமாக இருக்கும் தீனிப்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். அது மெத்தென்று நிறைந்திருக்கும் குஞ்சு, சூடு போதுமானதாக இருந்ததால் வெளியே வந்து தின்றிருக்கிறது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தீனிப்பை தட்டையாக இருக்கும் குஞ்சுகளுக்கு மட்டும் காலில் ஒரு சொட்டு மைப் புள்ளி வைத்து, இரண்டு சொட்டு வெல்லத் தண்ணீரை அலகில் தொட்டு வைத்துவிட்டு, தட்டின் தாழ்ந்த பக்கத்தில் விடுங்கள். மாலையில் புள்ளி வைத்த குஞ்சுகளின் தீனிப்பையை மறுபடி பாருங்கள், அப்போதும் காலியாக இருப்பவற்றை அட்டைப் பெட்டிக்கு மாற்றுங்கள்.